நோய் பரவும் நாட்களில் பிள்ளைகளையும் வாசலோடு நிறுத்தலாமா?

கட்டிலோரம்:
ரொறன்ரோவின் கிழக்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் என் அம்மா பல வருடங்களாக இருக்கிறார். சென்ற மாதம் அவருடைய தளத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் பரவி, 6 நாட்களில் 11 பேர் படுக்கையில் விழுந்தார்கள். அதன் பிறகு நடந்த குடும்பங்களின் கூட்டத்தில், இத்தகைய வேளைகளில் பதிவுபெற்ற குடும்பப் பராமரிப்பாளர்களையும், அதாவது பராமரிப்பில் உதவ இல்லத்தில் பெயர் பதிந்த எங்களைப் போன்ற பிள்ளைகளையும், உள்ளே விடக்கூடாது என்று சிலர் கேட்டார்கள். நான் அதை எதிர்க்கிறேன். 2020 மார்ச்சில் எங்களையெல்லாம் வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டினார்கள். பூட்டியும், முதலாவது அலையில் கனடாவில் கொவிட்டால் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதமானோர் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்தவர்களே. வாசலில் நின்றவர்கள் நாங்கள் என்றால், கிருமியை உள்ளே கொண்டுபோனது யார்?

இரவுப்பணி:
தம்பி, 14 வருடங்களாக நான் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். ஒரு மகள் தன் தாயின் வாயைத் துடைத்த அதே கையோடு, திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் இடியப்பம் பிசைந்து ஊட்டியதை என் கண்ணால் பார்த்தேன். அன்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாட்களில் அந்த இரு அம்மாக்களும் வாந்தியெடுத்தார்கள். வாசலில் வைத்திருந்த திரவத்தைக் கையில் பூசினேனே என்றார் மகள். இந்த வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் நொரோவைரசுக்கு அந்த அல்கஹோல் திரவம் போதாது, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் வேண்டும் என்பதை வருபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? நோய் தணிந்தவரின் மலத்திலும் அந்தக் கிருமி நாட்கணக்கில் வெளியேறும். இருவருக்கு ஒரு கழிப்பறை உள்ள அறையில் மூன்றாவதாக ஒருவர் வந்து நிற்பதே ஆபத்துத்தான்.

நுண்ணோக்கி:
நான் தொற்றுத்தடுப்புத் தாதி. இரவுப்பணி சொல்லும் காட்சி உண்மைதான், ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கேர்க்லண்ட் நகர இல்லத்தில் கொவிட் பரவியபோது, நோயறிகுறியோடு வேலைக்கு வந்த பணியாளர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்த பணியாளர்களும் பரவலுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று விசாரணையில் தெரிந்தது. அதே மாவட்டத்தில் இன்னோர் இல்லத்தில் 76 பேரைப் பரிசோதித்தபோது 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்கு அன்று எந்த அறிகுறியும் இல்லை. வாசலில் நெற்றிச் சூடு பார்ப்பது பெரும்பாலும் சடங்கு என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

இரவுப்பணி:
கடைசியில் பழி எங்கள் தலையில்தான் வந்து விழுகிறது. பகலில் ஓர் இல்லம், இரவில் இன்னோர் இல்லம் என்று நாங்கள் ஓடியது ஆசைக்கு அல்ல. எந்த இடத்திலும் முழுநேர வேலை தரவில்லை, காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் சம்பளமும் இல்லை. ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்ற எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் உத்தரவு 2020 ஏப்ரல் 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் முகவர் நிறுவனங்கள் அனுப்பும் தற்காலிகப் பணியாளர்களுக்குப் பொருந்தவில்லை. நீங்கள் சொன்ன கேர்க்லண்டில் 101 வாசிகளோடும் 50 பணியாளர்களோடும் 16 பார்வையாளர்களுக்கும் தொற்றியதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நுண்ணோக்கி:
அந்த 16 பேர் தொற்றுக்கு உள்ளானவர்கள். அவர்கள்தாம் கொண்டுவந்தார்கள் என்று அந்த எண்ணிக்கை சொல்லவில்லை. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். வாந்தி நின்று 48 மணி நேரம் வேலைக்கு வரவேண்டாம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு அவருடைய இரண்டு நாள் கூலியை வெட்டுவது, நோயை மறைத்துக்கொண்டு வா என்று சொல்வதற்குச் சமம்.

கட்டிலோரம்:
அக்கா, நான் உங்களைக் குற்றம் சாட்டவில்லை. சென்ற மாசியில் ஒருநாள் அம்மா தேத்தண்ணியைத் தள்ளிவிட்டு, இறந்துபோன தன் தம்பியின் பெயரால் என்னைக் கூப்பிட்டார். வெப்பமானி 37.4 பாகை செல்சியஸ் காட்டியது, காய்ச்சல் இல்லை என்றார் தாதி. அம்மாவுக்கு வழமையாக 36.2 தான் இருக்கும் என்று நான் வற்புறுத்திய பிறகே மருத்துவரை அழைத்தார்கள், மறுநாள் நுரையீரல் தொற்று என்று உறுதியானது. அன்று நான் வாசலுக்கு வெளியே நின்றிருந்தால் அதை யார் கண்டிருப்பார்?

நுண்ணோக்கி:
முதியவர்களில் வழமையான வெப்பத்தைவிட 1.1 பாகைக்கு மேல் கூடினாலே அதைக் காய்ச்சலாகக் கொள்ளவேண்டும். குழப்பமும் உணவு மறுப்பும் விழுவதும் பலருக்கு இருமலுக்கு முன்பே வந்துவிடும். அந்த வழமையை அறிந்தவர் பெரும்பாலும் பிள்ளைதான்.

இரவுப்பணி:
அதை மறுக்கமாட்டேன். ஒவ்வொரு நாளும் மாறும் பணியாளருக்கு அந்த 36.2 தெரியாது. சரி, பதிவுபெற்ற ஒருவர் வரட்டும். ஆனால் நேரே தன் தாயின் அறைக்குப் போகவேண்டும், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும், சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகக்கூடாது, பக்கத்துக் கட்டிலைத் தொடக்கூடாது.

கட்டிலோரம்:
எல்லாவற்றுக்கும் சம்மதம், கடைசி நிபந்தனையைத் தவிர. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒருவரும் வருவதில்லை. அவருடைய தட்டு ஆறிப்போய்த் திரும்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டுமா?

இரவுப்பணி:
மணியை அடியுங்கள், தம்பி. வரத் தாமதமாகும். இரவில் என் தளத்தில் 32 பேருக்கு நாங்கள் இருவர்.