கஞ்சி போட்ட வேட்டியும் பொடி டப்பாவும்: தலைவர்களைக் கண்ணால் எடைபோட்ட கதைகள்

திண்டுக்கல், சலவைக்கடைக்காரர் மகன்:

நம் ஊரில் தலைவரைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது துணிமணிதான். காமராஜர் என்றால் தொளதொளக் கதர்ச் சட்டை, எம்.ஜி.ஆர். என்றால் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞர் என்றால் மஞ்சள் துண்டு. அடுத்தது பழக்கவழக்கம். குடிப்பாரா, கோயிலுக்குப் போவாரா, வீட்டில் என்ன சாப்பிடுவார்? இதை வைத்தே ஆளை முடிவுகட்டிய கதை எல்லார் வீட்டிலும் இருக்கும். எழுதுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் "எளிமைத் தலைவர்" கதைகள் வேண்டாம். நீங்கள் பார்த்தது, வீட்டுப் பெரியவர்கள் பார்த்தது போதும். இப்போது பதவியில் இருப்பவர்கள் பெயரும் வேண்டாம், சண்டையில் முடியும்.

நானே ஆரம்பிக்கிறேன். அப்பா சலவைக்கடை வைத்திருந்தார். தேர்தல் வந்தால் எங்களுக்குத் தீபாவளி. வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் கூடிவிடக் கூடாது. வேட்டி நடக்கும்போது மொடமொடவென்று இருக்க வேண்டும், மடித்தால் கட்சிக் கரை மேலே தெரிய வேண்டும். சட்டைத் துணி மெலிசாக இருக்கும். பையில் வைத்த தலைவர் படம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காகவே எடுத்த துணி அது. இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடு கூடினால் தலைவர் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கும்.

ஒருவர் மட்டும் கதர் போடுவார். காலர் மடிப்பில் நைந்து கிழிந்திருக்கும். அம்மாவுக்குப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு தடவை அதைத் தைத்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலையில் ஆள் வந்துவிட்டான். "தையலைப் பிரிச்சுக் குடுங்க, ஐயா கோவமா இருக்காரு." பிளேடை வைத்து ஒவ்வொரு நூலாகப் பிரித்தோம். அந்தச் சட்டை மேடைக்கு மட்டும்தான். மற்ற நாளைக்கு நல்ல சட்டைகள் இருந்தன, அவையும் எங்களிடம்தான் வெளுக்க வந்தன. அப்பா யாரிடமும் மூச்சு விட்டதில்லை, தொழில் தர்மம். ஊரிலோ "கிழிஞ்ச சட்டையோட திரியற மனுஷன்யா, அவரா காசு வாங்குவாரு" என்பார்கள்.

காஞ்சிபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

எங்கள் ஊர்க்காரர் அண்ணாவிடம் போய் இஸ்திரியைப் பற்றிப் பேசவே முடியாது. ஆள் குள்ளம், சரியாக வாராத தலை, மழிக்காத முகம், கசங்கிய சட்டை. மூக்குப்பொடி, வெற்றிலை பாக்கு. என் அப்பா தறிக்காரர், தீவிரக் கழகத்துக்காரர். டீக்கடையில் கதர்ச் சட்டைக்காரர்கள், "மூக்கத் தொடைக்கவே நேரம் பத்தாது, இவரு நாட்ட ஆளப் போறாரா?" என்று கிண்டல் செய்வார்களாம். "மூக்கப் பாக்க வந்தியா, பேச்சக் கேக்க வந்தியா?" என்பது அப்பாவின் பதில்.

கூட்டத்துக்கு நேரம் கழித்து வருவதும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பழக்கம். "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை" என்று தாமதத்தையே அடுக்குமொழியாக்கிய பேச்சு இன்றைக்கும் பிரபலம். இன்னொருவர் அப்படி வந்திருந்தால் திமிர் என்றிருப்பார்கள்.

1962 தேர்தலில் அதே காஞ்சிபுரத்தில் பேருந்து முதலாளி நடேச முதலியாரிடம் தோற்றார். 1967இல் அதே பொடி டப்பாவோடு முதலமைச்சரானார். மூக்கு அதே மூக்குதானே.

எங்கள் வீட்டுக் கணக்கு வேறு. அப்பா, அம்மா கல்யாணம் புரோகிதர் இல்லாத சுயமரியாதைக் கல்யாணம். சொந்தக்காரர்கள், "இதெல்லாம் கோர்ட்டுல நிக்காது" என்று அம்மாவை எத்தனையோ வருஷம் குத்திக்காட்டியிருக்கிறார்கள். அண்ணா ஆட்சியில் வந்த சட்டம் இனி நடக்கப்போகும் அத்தகைய கல்யாணங்களோடு, அதற்கு முன் நடந்தவற்றையும் செல்லும் என்றாக்கியது. அம்மாவுக்கு அரசியல் பிடிக்காது. மூக்குப்பொடி நெடி சுத்தமாக ஆகாது. ஆனால் கடைசிவரை அண்ணா படத்தைச் சுவரிலிருந்து கழற்ற விட்டதில்லை.

விருதுநகர், எண்ணெய்க்கடை:

ஆசிரியர் ஐயா 1967 என்றதும் எங்கள் ஊர்ப் பேச்சு வராமல் இருக்குமா? காமராஜர் பிறந்த ஊர். ஒன்பது வருஷம் முதலமைச்சர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, சென்னையில் வாடகை வீடு. பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு போட்டவர். இதில் எதுவும் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததில்லை. அப்படியும் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்து அனுப்பினோம்.

எங்கள் அப்பத்தாவிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அவரு தங்கமான மனுஷன்டா. ஆனா கதர்ச் சட்டைய ஊற வச்சுக் கஞ்சி காய்ச்ச முடியுமா?" அரிசிப் பஞ்சம், கடை கடையாக வரிசை. "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்று அந்தப் பக்கம் சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள். இந்தி எதிர்ப்பில் துப்பாக்கிச் சூடு நடந்த கோபம் பையன்களுக்கு. அப்பத்தா யாருக்குப் போட்டார் என்று சொன்னதே இல்லை. காமராஜர் 1975இல் காந்தி ஜெயந்தி அன்றைக்கு இறந்தபோது அடுப்பு மூட்டவில்லை என்று மட்டும் சொல்வார்.

மேலூர் பக்கம், விவசாயி:

கக்கன் ஐயாவை யாரும் சொல்லவில்லையே. பொதுப்பணி, உள்துறை எல்லாம் பார்த்த மந்திரி. பதவி போன பிறகு பஸ்ஸுக்கு நின்றவர். மதுரை அரசு ஆஸ்பத்திரியில் சாதாரண வார்டில் கிடந்தவரை, வேறு ஒருவரைப் பார்க்க வந்த எம்.ஜி.ஆர். பார்த்து உதவி செய்தார். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துப் பெருசுகள் அவர் உயிரோடு இருந்த காலத்தில் அவரைச் சொன்ன வார்த்தை "பிழைக்கத் தெரியாத மனுஷன்". இப்போது தும்பைப்பட்டி மணிமண்டபத்துக்கு மாலையோடு கார் கார்களாக வருகிறார்கள். கார் நிறுத்த இடம் பத்தாமல் என் வரப்பு வரைக்கும் ஏற்றிவிடுகிறார்கள்.

ஆண்டிப்பட்டி, மளிகைக்கடை:

எம்.ஜி.ஆர். 1984இல் அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்த தொகுதி எங்களுடையது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே ஊரில் சந்தேகம். அப்புறம் ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை வீடியோ கேசட்டில் கொண்டுவந்து ஊர் ஊராகப் போட்டார்கள். எங்கள் அம்மா, சித்தி எல்லாரும் டிவி பெட்டி முன்னால் உட்கார்ந்து அவர் கையசைக்கிறாரா, சாப்பிடுகிறாரா என்று பார்த்தார்கள். விலைவாசி பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் குடிக்க மாட்டார், சிகரெட் தொட மாட்டார். படத்தில்கூட அநேகமாகத் தொட மாட்டார். இதற்காகவே எங்கள் அம்மா வகையறா அவரைச் சாமியாகக் கும்பிட்டது. புருஷன் குடித்துவிட்டு வரும் வீட்டில் இந்த ஒரு குணம் எவ்வளவு பெரிது என்று ஆம்பிளைகளுக்குப் புரியாது. ஆனால் அவர் ஆட்சியில்தான் 1981இல் மதுவிலக்கு தளர்ந்து சாராயக்கடை திறந்தது. டாஸ்மாக் நிறுவனம் 1983இல் ஆரம்பித்ததும் அவர் காலத்தில்தான். 1982இல் சத்துணவு கொண்டுவந்ததும் அவரே. அம்மாவிடம் சாராயக்கடையைப் பற்றிக் கேட்டால், "அது கீழ இருக்கறவங்க பண்ணது, அவருக்குத் தெரியாது" என்பார். சத்துணவைக் கேட்டால், "அவரே பண்ணது." வேறு பேச்சே கிடையாது.

பெயர் வேண்டாம், அரசு விருந்தினர் மாளிகையில் சமையல் பார்த்தவர்:

நானும் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மந்திரிகளைக் கைலியோடும் பல் விளக்காத வாயோடும் பார்த்தவர்கள் என்னைப் போல ஆட்கள்தான்.

ஒருவர் இருந்தார். பேச்சு அவ்வளவு பதவிசு. பரிமாறும் பையனைக்கூட "வாங்க தம்பி" என்பார். நெற்றி நிறைய விபூதி, வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார். மனு கொடுக்க வந்தால் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, உதவியாளரிடம் கொடுப்பார். கிழவிகள் அழுதுவிடுவார்கள். அவர் கிளம்பிய பிறகு அறையைக் கூட்டப் போனால் மனுக் கட்டு அப்படியே கட்டிலுக்கு அடியில் கிடக்கும். சணல் கயிறு போட்டுக் கட்டி, தாலுகா ஆபீஸ் பியூனிடம் கொடுத்தனுப்புவேன். குப்பையில் போட மனசு வரவில்லை.

இன்னொருவர் எரிந்து விழுகிற ஆள். ராத்திரி சரக்கு இல்லாமல் சாப்பாடு இறங்காது. குழம்பில் உப்புக் கம்மி என்றால் தட்டைத் தள்ளுவார், எனக்கே வசவு விழுந்திருக்கிறது. காலையில் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்து, வெற்றிலை எச்சிலைச் சொம்பில் துப்பிக்கொண்டு, ஒவ்வொரு மனுவாக விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பார். எழுதினவனைக் கூப்பிட்டு, "இதுல சர்வே நம்பரே இல்லியேடா மடையா" என்று திட்டுவார். தாசில்தாரை அங்கேயே நிற்கவைத்துப் பதில் கேட்பார்.

காஞ்சிபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அதுவும் ஒரு மேடைதானே ஐயா? தாசில்தாரை நாலு பேர் முன்னால் நிற்கவைப்பது பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வேலை நடந்ததா?

சமையல் பார்த்தவர்:

எனக்குத் தெரிந்து இரண்டு பேருக்குப் பட்டா வந்தது. மற்றவர்கள் அடுத்த மந்திரி வந்தபோதும் அதே வரிசையில் நின்றார்கள். அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் கொழுந்தியாள். அவளிடம் போய் மந்திரி குடிகாரர் என்று சொல்லிப் பாருங்கள், விளக்குமாற்றை எடுப்பாள்.

சென்னை, ஐ.டி. ஊழியர்:

எங்கள் தலைமுறைக்கு மீம்ஸ்தான் டீக்கடை. கேப்டன் விஜயகாந்தின் நடையை, குழறிய பேச்சை, சிவந்த கண்ணை வைத்து எத்தனை வருஷம் வண்டி ஓட்டினோம். அவருக்கு உடம்பு முடியவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த பிறகும் வீடியோக்கள் நிற்கவில்லை. 2023 டிசம்பர் 28 அவர் போன அன்றைக்கு, அதே மீம் பக்கங்கள் அவர் ஆபீஸில் வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதைச் சொல்லிக் கறுப்புப் படம் வைத்தன. கோயம்பேடு பக்கம் போகவே முடியவில்லை, அவ்வளவு கூட்டம். என் ஆபீஸில் கேலி வீடியோ அனுப்பிய அதே வாட்ஸப் குழுவில் அதே ஆள் அஞ்சலி போட்டான். மேலே ஏற்றிப் பார்த்தால் இரண்டும் இருந்தன.

டெல்டா மாவட்டம், முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்:

எல்லாரும் தலைவரைப் பார்த்த கதை சொல்கிறீர்கள். என்னைப் பார்த்தவர்களின் கதையைச் சொல்கிறேன். 2019 டிசம்பர் தேர்தலில் பெண்கள் ஒதுக்கீட்டில் நின்று ஜெயித்தேன்.

முதல் பிரச்சினை சேலை. சாயம் போன காட்டன் சேலையோடு வாய்க்கால் தூர் வாருவதைப் பார்க்கப் போனால், "பிரசிடெண்ட் மாதிரியே இல்லியே, நூறு நாள் வேலைக்கு வந்த பொம்பள மாதிரி இருக்கு." சரி என்று கிராம சபைக்குக் கொஞ்சம் நல்ல சேலை கட்டினால், "பைப்லைன்ல எவ்வளவு அடிச்சாளோ." அது என் நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்த சேலை. என் வீட்டுக்காரர் கையில் மோதிரம் போட்டுக்கொண்டு புல்லட்டில் சுற்றினால் அது மட்டும் அந்தஸ்து.

சத்தம் போட்டுப் பேசினால் அடங்காப்பிடாரி. மெதுவாகப் பேசினால் ஒன்றும் தெரியாதவள். யூனியன் ஆபீஸில் ஓவர்சியர் எஸ்டிமேட்டை என் முன்னால் விரித்துவைத்துவிட்டு, விளக்கம் மட்டும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துச் சொல்வார். காசோலையில் நானும் துணைத்தலைவரும் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். அதனால் ஒரு நாள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "யாருக்குப் புரியணுமோ அவங்ககிட்ட சொல்லுங்க சார், கையெழுத்து அப்புறம் போடலாம்" என்றேன். அதற்கப்புறம் சிமெண்ட் எத்தனை மூட்டை, ஜல்லி எத்தனை யூனிட் என்று என்னிடம்தான் சொன்னார். ஊரில் அதற்கு ஒரு பேர் வைத்தார்கள், இங்கே எழுத முடியாது.

இவ்வளவு வந்தபிறகு ஜெயலலிதா அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? 1995இல் வளர்ப்பு மகன் கல்யாணத்தில் அவர் போட்டிருந்த நகையை எங்கள் தெரு இன்னும் மறக்கவில்லை. 1996இல் தோற்றார். சோதனையில் எடுத்த சேலை, செருப்புக் கணக்கை டிவியில் பார்த்து வாய் பிளந்தோம். அப்புறம் நகையைக் கழற்றிவிட்டு வந்தார், "பாவம், வெறுங்கழுத்தோட நிக்குது" என்று அதே தெரு உருகியது. சொத்துக் குவிப்பு வழக்கு கோர்ட்டில் நடந்துகொண்டேதான் இருந்தது. கழுத்தைப் பார்த்தவர்கள் யாரும் தீர்ப்பைப் படிக்கவில்லை. நானும் அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்டவள்தான், அது வேறு கதை. ஆனால் ஓர் ஆம்பிளை முதலமைச்சரிடம் எத்தனை ஜோடி செருப்பு என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா?

ஆண்டிப்பட்டி, மளிகைக்கடை:

அக்கா, அது வழக்கில் பிடித்த சொத்து, எண்ணத்தானே செய்வார்கள்.

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்:

எண்ணட்டும் தம்பி. நிலப்பத்திரத்தையும் எண்ணினார்கள். அந்தக் கணக்கு எங்கள் தெருவில் யார் வாயிலாவது வருகிறதா? செருப்புக் கணக்கைக் கேளுங்கள், சின்னப் பிள்ளையும் சொல்லும்.

திண்டுக்கல், சலவைக்கடைக்காரர் மகன்:

அக்கா, மறுபடியும் நிற்பீர்களா?

முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்:

2025 ஜனவரியோடு எங்கள் காலம் முடிந்து சாவியைத் தனி அலுவலரிடம் கொடுத்தோம். மேல்நிலைத் தொட்டி பாதியில் நிற்கிறது, அதை முடிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. என் வீட்டுக்காரர் மட்டும் இப்போதே கரை வேட்டியில் நாலு செட் எடுத்துவைத்துவிட்டார். யார் நிற்கப் போகிறார்கள் என்று இன்னும் வீட்டில் பேசவில்லை.