2³ × 2⁴ இல் சுட்டியைக் கூட்டுவது ஏன்?

கொக்குவில் அம்மா:
மகள் தரம் 10. ரியூசனில் சுட்டி விதிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பாடமாக்கச் சொல்லியிருக்கிறார்கள். தாளைப் பார்க்காமல் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் கணக்கு என்று வந்தால் எந்த விதி எங்கே என்று தடுமாறுகிறாள். நேற்று 2³ × 2⁴ = 2¹² என்று எழுதிவிட்டு, "பெருக்கல் அடையாளம்தானே அம்மா இருக்கு, பிறகேன் கூட்டவேணும்?" என்றாள். நான் கலைப் பிரிவில் படித்தவள், எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அதோடு 5⁰ = 1 என்பதை நம்பவே மாட்டாளாம். பூச்சியம்தானே வரவேண்டும் என்பது அவள் கட்சி. யாராவது விளக்குவீர்களா?

திருநெல்வேலித் தம்பி:
அக்கா, பெருக்கினால் கூட்டு, வகுத்தால் கழி, வலுவுக்கு வலு, (2³)⁴ போல, என்றால் பெருக்கு. அவ்வளவுதான். சோதனை மண்டபத்தில் ஏன் என்று யோசிக்க எங்கே நேரம்? பழைய வினாத்தாள்களைச் செய்யவிடுங்கள், கை தானாக ஓடும்.

இளைப்பாறிய கணக்கு மாஸ்ரர்:
தம்பி சொல்வது பரீட்சை கிட்டும்போது சரி. இப்போது அந்தத் தாளைக் கொஞ்ச நாளைக்கு எங்கேயாவது ஒளித்து வையுங்கோ, தங்கச்சி.

2³ ஐ 2 × 2 × 2 என்றும், 2⁴ ஐ 2 × 2 × 2 × 2 என்றும் பிள்ளையையே விரித்து எழுதவிடுங்கள். நடுவில் பெருக்கல் அடையாளத்தைப் போட்டு, மொத்தம் எத்தனை இரண்டு நிற்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். ஏழு. சுட்டி என்பது வெறும் எண்ணிக்கை, அதனால்தான் கூட்டுகிறோம். 8 × 16 = 128, அதுவே 2⁷. அவள் எழுதிய 2¹² இன் பெறுமானம் 4096! அந்த 12 வரவேண்டிய இடம் (2³)⁴. அங்கே மும்மூன்று இரண்டாக நான்கு தொகுதி.

5⁰ இக்கு மேலிருந்து இறங்கி வாருங்கள். 5³ = 125, 5² = 25, 5¹ = 5. சுட்டி ஒன்று குறையும்போதெல்லாம் விடை 5 ஆல் வகுபடுகிறது. அடுத்தது 5 ÷ 5, அதாவது 1. வகுத்துக்கொண்டே போனால் பூச்சியம் எப்படி வரும்? இன்னும் இறங்கினால் 5⁻¹ = 1/5, 5⁻² = 1/25. மறைச் சுட்டியைக் கண்டவுடன் விடைக்கும் சய அடையாளம் போடுகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள். இந்த இறக்கத்தை ஒருதரம் எழுதிப் பார்த்தவர்கள் அப்படிச் செய்வது குறைவு. இங்கே அடி, அதாவது சுட்டிக்குக் கீழே நிற்கும் எண், மட்டும் பூச்சியமாக இருக்கக்கூடாது, பூச்சியத்தால் வகுக்க முடியாதே.

புள்ளி போவது பெரும்பாலும் கூட்டலில்தான். 2³ + 2⁴ என்றால் 8 + 16 = 24, அதற்குச் சுட்டி விதி கிடையாது. 2³ × 5² இலும் அடி வேறு வேறு, சுட்டிகளைத் தொடக்கூடாது. −3² என்பது −9, (−3)² என்பது 9. அடைப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கூட்டல் விதி நன்றாக விளங்கினால் மடக்கையும் பயமில்லை. ஓர் எண் வர 10 இக்கு என்ன சுட்டி போடவேண்டுமோ அதுதான் அந்த எண்ணின் மடக்கை, ஆகவே எண்களைப் பெருக்கினால் மடக்கைகளைக் கூட்டலாம். 2 இன் மடக்கை 0.3010, 3 இன் மடக்கை 0.4771. 2 × 3 = 6 என்பதால் இரண்டையும் கூட்டினால் 0.7781. அட்டவணையில் 6 இக்கு 0.7782 இருக்கும், அந்தக் கடைசி ஒன்று மட்டந்தட்டலால் வந்த வித்தியாசம். வேடிக்கை என்னவென்றால் ஸ்கொட்லாந்துக் கணிதர் நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614 இல். சுட்டியை இன்று போல மேலே சிறிதாக எழுதும் முறையை பிரெஞ்சுக் கணிதர் தேக்கார்ட் அச்சில் கொண்டுவந்தது 1637 இல்.

கொக்குவில் அம்மா:
நன்றி மாஸ்ரர். இறங்கு வரிசையை அவளே 5⁻⁴ வரைக்கும் எழுதிவிட்டாள். ஆனால் இப்போது வேறு கேள்வி: 9 இன் சுட்டி ½ என்றால் ஒன்பதை அரைத் தடவை எப்படி எழுதுவதாம்?

இளைப்பாறிய கணக்கு மாஸ்ரர்:
நல்ல பிள்ளை, சரியான இடத்தில் பிடித்திருக்கிறாள். எழுத முடியாது. எண்ணிக்கை அங்கே உதவாது, ஆனால் கூட்டல் விதியைக் கைவிடாமல் பாருங்கள். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கினால் ½ + ½ = 1, அதாவது 9¹ வரவேண்டும். தன்னைத் தானே பெருக்கி 9 தருகிற நேர் எண் 3. ஆகவே ½ என்பது வர்க்கமூலம், ⅓ என்பது கனமூலம். அடுத்து 27 இன் சுட்டி −⅔ ஐக் கொடுத்துப் பாருங்கள். முதலில் கனமூலம் 3, பிறகு வர்க்கம் 9, கடைசியில் சய அடையாளத்துக்காகத் தலைகீழாக்கினால் 1/9. முதலிலேயே 27 ஐ வர்க்கித்தால் 729 இன் கனமூலம் தேடவேண்டி வரும். விடை அதுவேதான், வேலைதான் கூட.