கலங்கிப்போன ஸ்டார் சான்: கொட்டுவதா, வைத்துக்கொள்வதா?

வோர்ட்டுக்காரன்
வீட்டுல பீர் காய்ச்சுற பாத்திரங்களுக்கு ஸ்டார் சான்ங்கிற அமில சானிடைசர் பயன்படுத்துறேன். 20 லிட்டர் குழாய்த் தண்ணி, 32 மி.லி. ஸ்டார் சான். கலக்கும்போது தெளிவா இருக்கிற கரைசல் மறுநாள் மோர்த்தண்ணி மாதிரி வெளுத்துடுது. பிஎச் பட்டை (அமிலத்தன்மை காட்டுற காகிதம், எண் குறைஞ்சா அமிலம் அதிகம்) 2.6 காட்டுது. "கலங்கினா செத்துப்போச்சு, கொட்டு"ன்னு ஒரு கட்சி. "பிஎச் 3க்குக் கீழ இருக்கிற வரைக்கும் நிறத்தைப் பத்திக் கவலைப்படாதே"ன்னு இன்னொரு கட்சி. எது சரி? காரணத்தோட சொல்லுங்க.

பிஎச்_மூன்று
கொட்ட வேண்டாம். இந்த வகை சானிடைசருக்கு உயிர்நாடி பிஎச் 3க்குக் கீழே இருப்பதுதான். பாட்டிலில் இருப்பது 50 சதவீதம் பாஸ்பாரிக் அமிலம், 15 சதவீதம் டோடெசில்பென்சீன் சல்போனிக் அமிலம். லிட்டருக்கு 1.6 மி.லி. என்ற லேபிள் அளவில் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் பிஎச் ஏறக்குறைய 2.2 வரும். காரத்தன்மை (அமிலத்தை முறியடிக்கும் திறன்) லிட்டருக்கு 300 மி.கி. உள்ள தண்ணீரில் கலந்தாலும் கணக்குப்படி 2.6 பக்கம்தான் நிற்கும். 3ஐத் தாண்ட வேண்டுமென்றால் காரத்தன்மை 450க்கு மேல் போக வேண்டும். உங்கள் பட்டை காட்டுவது இதற்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஒன்று மட்டும்: 1 முதல் 14 வரை காட்டும் பட்டையை நம்பாதீர்கள். அதில் 2.6க்கும் 3.4க்கும் நிற வித்தியாசம் தெரியாது. அமிலப் பக்கத்துக்கென்றே வரும் குறுகிய அளவுப் பட்டை வாங்குங்கள். மீட்டர் வைத்திருந்தால் பிஎச் 4 பஃபரில் (பிஎச் நிலையாக இருக்கும் கரைசல்) சரிபார்த்த பிறகு அளவெடுங்கள்.

சுண்ணாம்புத்தண்ணி
பிஎச்_மூன்று சார் கணக்கு சரி. முடிவுதான் தப்பு.

கிருமியைக் கொல்றது பிஎச் இல்ல, அந்த 15 சதவீத சல்போனிக் அமிலம். அது ஒரு சர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பு மாதிரிப் பொருள். அமிலச் சூழல்ல அது செல் சவ்வைக் குலைக்குது. அமிலம் அதுக்குத் துணை, அவ்வளவுதான். வெறும் பாஸ்பாரிக் அமிலத்தால பிஎச்சை 2.6க்குக் கொண்டுவந்து பெர்மென்டரை (பீர் நொதிக்குற பாத்திரம்) கழுவி "சானிடைஸ் ஆச்சு"ன்னு சொல்வீங்களா?

ஈஸ்ட்டை மறுபடி பயன்படுத்துறவங்க செய்யுற அமிலக் கழுவலைப் பாருங்க. குளிர்ந்த ஈஸ்ட் கூழை பாஸ்பாரிக் அமிலம் விட்டு பிஎச் 2.2 வரைக்கும் இறக்கி, ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெச்சிருக்காங்க. பாக்டீரியாவுல பெரும்பகுதி சாகுது. ஈஸ்ட் பிழைச்சுக்குது. பிஎச் மட்டுமே போதும்னா அந்த ஈஸ்ட்டும் செத்திருக்கணும்.

இப்போ கலங்கல் விஷயம். கலங்கலா தெரியுறது கால்சியமும் மெக்னீசியமும் அந்த சர்ஃபாக்டன்ட்டோட சேர்ந்து உண்டாகுற கரையாத உப்பு. அதாவது வேலைக்காரனே வெள்ளைப் பொடியா மாறி மிதக்குறான். லேபிள் அளவுல லிட்டருக்கு சுமார் 300 மி.கி. சல்போனிக் அமிலம் இருக்கு. அது முழுசையும் பிடிச்சுப்போட லிட்டருக்கு 18, 20 மி.கி. கால்சியம் போதும், மூலக்கூறு கணக்குப்படி. கடினநீர்ல அதைப்போல பல மடங்கு இருக்கு. இதைப் பிஎச் பட்டை எப்படிக் காட்டும்? காட்டாது.

பிஎச்_மூன்று
அமிலக் கழுவல் எடுத்துக்காட்டு நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "முழுசையும் பிடிக்கும்" என்பது காகிதக் கணக்கு. எல்லாமே வீழ்படிவானால் கரைசலில் நுரையே வரக்கூடாது. கலங்கிய கரைசலை மூடிபோட்ட பாட்டிலில் பாதியளவு ஊற்றிப் பத்து முறை குலுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் நுரை கெட்டியாக நிற்கும். நுரை நின்றால் சர்ஃபாக்டன்ட் கரைசலில் இன்னும் இருக்கிறது என்று பொருள். எனவே என் விதியைத் திருத்திக்கொள்கிறேன்: பிஎச் 3க்குக் கீழே, கூடவே நுரையும் நிற்க வேண்டும். இரண்டும் தேறினால் கலங்கலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

சுண்ணாம்புத்தண்ணி
நுரை நின்னா 'கொஞ்சம் மிச்சம் இருக்கு'ன்னுதான் அர்த்தம். எவ்வளவு மிச்சம்னு நுரை சொல்லாது. நுரை வர ரொம்பக் குறைஞ்ச அளவே போதும். லேபிள்ல போட்டிருக்கிற அளவும் ஒண்ணு ரெண்டு நிமிஷ நேரமும் முழு வீரியத்துக்குத்தான். பாதி வீரியத்துக்கு எத்தனை நிமிஷம்னு அதுல எழுதலையே?

இதுக்கு வழி ரொம்ப லேசு. ஆர்ஓ தண்ணியிலோ காய்ச்சி வடிச்ச தண்ணியிலோ கலக்குங்க. அப்படிக் கலந்தா மூடின பாத்திரத்துல மாசக்கணக்குல தெளிவா நிக்கும், பிஎச்சும் ஏறாது. 20 லிட்டர் எதுக்கு? 5 லிட்டருக்கு 8 மி.லி. கலந்து வெச்சா ஸ்பிரே பாட்டிலுக்கும் ஆச்சு, பெர்மென்டரை உருட்டி உருட்டி நனைக்கவும் ஆச்சு. 3 மி.லி. சிரிஞ்சில அளந்தா பிசகாது. முதல்ல தண்ணி, அப்புறம் அமிலம். கையுறை, கண்ணாடி போட்டுக்கணும். அடர் திரவம் தோலையும் புண்ணாக்கும், சிமெண்ட் தரையையும் அரிக்கும்.

குழாய்த் தண்ணியிலதான் கலப்பேன்னா அன்னிக்கே கலந்து அன்னிக்கே கொட்டிடுங்க. தேக்கி வைக்காதீங்க.

அயோடின்கட்சி
இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். இந்த அமில சானிடைசர் குடும்பமே பாக்டீரியாவைக் கொல்ல நல்லது, ஈஸ்ட்டையும் பூஞ்சையையும் கொல்வதில் சுமார்தான் என்று பால்பண்ணை, உணவுத் துறைச் சுகாதாரப் பாடங்களிலேயே இருக்கிறது. பீரில் தலைவலி லாக்டோபேசிலஸ் பாக்டீரியா மட்டும் இல்லையே. டயாஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட் ஒரு வால்வுக்குள் ஒளிந்திருந்தால், பாட்டிலில் அடைத்த பிறகு மிச்ச டெக்ஸ்ட்ரினை (சாதாரண ஈஸ்ட் தின்னாத மாச்சத்து) தின்று அழுத்தத்தை ஏற்றும், பாட்டில் வெடிக்கும்.

அயோடோஃபோர் (அயோடின் சானிடைசர்) எடுங்கள். 1.6 சதவீத அயோடின் உள்ள திரவம் 15 மி.லி.யை 19 லிட்டரில் விட்டால் அயோடின் 12.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 12.5 பங்கு). ஒன்று இரண்டு நிமிடம் நனைத்து வடியவிட்டால் போதும், அலச வேண்டாம். ஈஸ்ட், பூஞ்சை, பாக்டீரியா மூன்றையும் பிடிக்கும். வீரியம் தீர்ந்தால் பழுப்பு நிறம் மங்கிவிடும், பட்டையும் குலுக்கலும் தேவையில்லை. வெந்நீரில் மட்டும் கலக்காதீர்கள், அயோடின் ஆவியாகிப் போய்விடும்.

சுண்ணாம்புத்தண்ணி
அயோடோஃபோர் நல்லதுதான், மறுக்கல. சிலிக்கான் குழாயும் வெள்ளை வாளியும் மஞ்சளாகும், கலந்து வெச்சா நாளாக நாளாக வீரியம் போகும். நீங்க சொன்ன வால்வு உதாரணத்துல அயோடினும் தோக்கும், அமிலமும் தோக்கும். வால்வுக்குள்ள பயோஃபிலிம் (கிருமிகள் ஒட்டி வளர்ற வழவழப்புப் படலம்) படிஞ்சிருந்தா எந்த சானிடைசரும் உள்ள போகாது. மூணு துண்டா பிரியுற பால் வால்வை (ball valve, உள்ளே உருண்டை இருக்கிற வால்வு) கழட்டி, சீல் வளையத்தை எடுத்து, பிரஷ் போட்டுத்தான் ஆகணும். அழுக்கை சானிடைஸ் செய்ய முடியாது, இதுல எந்தக் கட்சியும் கிடையாது.

பிஎச்_மூன்று
அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கழுவப் பயன்படுத்தும் பெர்கார்பனேட் வகைப் பொடிகள் காரம். அவற்றைச் சரியாக அலசாமல் அதே பெர்மென்டரில் அமில சானிடைசரை ஊற்றினால், ஒட்டியிருக்கும் காரம் அமிலத்தைத் தின்றுவிடும். ஒரே கரைசலை நாலைந்து பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றும்போது பிஎச் ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், தண்ணீர் இல்லை. தொட்டால் வழவழப்பு போகும்வரை அலசுங்கள்.

ப்ளீச்சும் அமில சானிடைசரும் ஒரே வாளியில் சேரவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். "ரெண்டும் போட்டா டபுள் பாதுகாப்பு" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வோர்ட்டுக்காரன்
சரி, நுரை? பெர்மென்டர் அடியில நுரையும் கொஞ்சம் தண்ணியும் தேங்குது. குழாய்த் தண்ணி விட்டு ஒரு தடவை அலசிட்டா நிம்மதியா இருக்காதா?

நுரையோடு_ஊற்று
அலசினால் செய்த வேலையே வீண். குழாய்த் தண்ணீரில் இருக்கும் கிருமியை நீங்களே உள்ளே விடுகிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். 30 மி.லி. கரைசல் தேங்கியிருந்தால் அதில் சர்ஃபாக்டன்ட் ஏறக்குறைய 9 மி.கி. அதன் மேல் 20 லிட்டர் வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) விழுந்தால் லிட்டருக்கு அரை மி.கி.கூட இல்லை. வோர்ட்டின் பிஎச் ஐந்துக்குப் பக்கம், அங்கே இந்தச் சேர்மத்தின் கொல்லும் வீரியமும் போய்விடும். ஈஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. நுரை பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே இருப்பது முக்கால்வாசிக்கு மேல் காற்று.

இதெல்லாம் லேபிள் அளவுக்கு மட்டும். "கொஞ்சம் கூடப் போட்டா நல்லது" என்று லிட்டருக்கு 3, 4 மி.லி. விட்டால் அது அலச வேண்டிய சானிடைசர் ஆகிவிடும், நோ-ரின்ஸ் இல்லை. கெக்கை (பீர் பீப்பாய்) சானிடைசரால் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடால் கரைசலைத் தள்ளிக் காற்றை வெளியேற்றுவதாக இருந்தால் நுரை குறைந்த சானிகிளீன் வசதி. அதற்கு அளவும் நேரமும் வேறு, அந்த லேபிளைப் பாருங்கள்.

ஸ்பிரே அடிப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது நேரம். மேலே புகை மாதிரி அடித்து உடனே துடைத்தால் பயனில்லை. பரப்பு முழுக்க ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். பித்தளை, செம்பு, அலுமினியப் பாகங்களை இரவு முழுக்க ஊறப் போடாதீர்கள், அமிலம் உலோகத்தைக் கரைக்கும். ஸ்டெயின்லெஸ் தாங்கும்.

அயோடின்கட்சி
எல்லாம் சரி, கலங்கலுக்குப் பதில் வரவில்லையே. ஒரு சோதனை சொல்கிறேன். கொதித்து ஆறிய வோர்ட்டை, கலங்கிய கரைசலால் நனைத்த ஒரு ஜாடியிலும் புதிய கரைசலால் நனைத்த இன்னொன்றிலும், ஈஸ்ட் போடாமல் எடுங்கள். தளர்வாக மூடி 27, 28 டிகிரியில் மூன்று நாள் விடுங்கள். எது முதலில் கலங்கிக் குமிழி விடுகிறதோ அது தோற்றது. இரண்டையும் கொட்டிவிடுங்கள், ருசி பார்க்க வேண்டாம்.

பிஎச்_மூன்று
ஜாடி கழுவிய விதம், ஊற்றும்போது காற்றில் வந்தது, மூடி எல்லாம் சேர்ந்துதான் அந்த முடிவு வரும். ஒரு ஜோடி ஜாடியை வைத்து சானிடைசர் மேல் தீர்ப்பு எழுத முடியாது. பக்கத்துக்கு ஐந்தாவது வையுங்கள், எதிலும் நனைக்காத ஜாடி ஐந்தும் கூட. அந்த ஐந்தும் மூன்று நாள் தெளிவாகவே இருந்துவிட்டால் சோதனையே செல்லாது.

சுண்ணாம்புத்தண்ணி
15 ஜாடி கழுவுற நேரத்துல 5 லிட்டர் ஆர்ஓ தண்ணி பிடிச்சுடலாம் சார்.