லூபஸ் உள்ள அக்காவுக்கு பிளேட்லெட் 38,000, டெங்கு இல்லை. என்ன செய்வது?

தோட்டத்துத் தம்பி:
அக்காவுக்குச் சில வருடமாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய்), அதற்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை சாப்பிடுகிறார். ஏற்காட்டில் காபி தோட்ட அலுவலகத்தில் வேலை. பல் துலக்கினால் ஈறில் ரத்தம், காலில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் என்றார், சேலத்துக்குக் கூட்டி வந்து ரத்தம் பார்த்ததில் பிளேட்லெட் 38,000. காய்ச்சல் இல்லை, டெங்கு டெஸ்டும் நெகட்டிவ். டாக்டர் ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார். முகம் ஊதிவிடும் என்று அக்கா தொட மாட்டேன் என்கிறார். சொந்தக்காரர்கள் பப்பாளி இலைச் சாறு கொடு, பிளேட்லெட் பாட்டில் ஏற்று என்கிறார்கள். எதைக் கேட்பது?

அம்மாபேட்டை வாசகி:
தம்பி, எனக்கும் லூபஸ்தான், இதே மாதிரி இறங்கியிருக்கிறது. டெங்குவில் இறங்குவது வேறு, இது வேறு. நம் உடம்பே பிளேட்லெட் மேல் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதத்தை ஒட்டிவிடுகிறது, மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடுகிறது. சாதாரணமாக ஒரு வாரம், பத்து நாள் இருக்க வேண்டியது சீக்கிரமே போய்விடும். அதனால்தான் வெளியிலிருந்து ஏற்றினாலும் நிற்காது, ஆபத்தான ரத்தக்கசிவு என்றால்தான் ஏற்றுவார்கள். அந்த அழிப்பைத்தான் ஸ்டீராய்டு அடக்குகிறது. பொதுவாக 30,000க்குக் கீழே போனால் மருந்து தொடங்குவார்கள், அக்காவுக்கு ஈறில் ரத்தம் வருவதையும் பார்த்து டாக்டர் எழுதியிருப்பார். முகம் ஊதுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, டோஸ் குறையக் குறைய வடிந்துவிட்டது. அக்காவிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள். ஆனால் ஒன்று, தொடங்கிய பிறகு தானாக நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இலைச் சாறு இந்த அழிப்பை நிறுத்தாது.

லேப் நண்பர்:
ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில், பார்த்தார்களா? ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ-வால் சிலருக்கு பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மெஷின் குறைவாகக் காட்டும். சந்தேகம் இருந்தால் சிட்ரேட் டியூபில் எடுத்துத் திரும்ப எண்ணச் சொல்லுங்கள்.

தோட்டத்துத் தம்பி:
ஸ்மியர் பார்த்தாச்சுங்க, ஒட்டல் இல்லை, உண்மையாகவே குறைவுதான் என்றார்கள். அக்காவுக்கு மூட்டு வலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக் போடும் பழக்கம் உண்டு, அது பரவாயில்லையா?

ஹஸ்தம்பட்டி மருந்தாளுநர்:
உடனே நிறுத்தச் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் இருக்கும் பிளேட்லெட்டையும் வேலை செய்யவிடாது. வலிக்கு பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆஸ்பிரின் மட்டும் யாராவது எழுதிக் கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தாமல் கேட்டுவிட்டு முடிவெடுங்கள், ஏனென்றால் லூபஸில் சிலருக்கு ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி இருக்கும், பிளேட்லெட் குறைவாக இருக்கும்போதே ரத்தம் உறையவும் செய்யும். அந்த டெஸ்ட் எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். இடுப்பு ஊசியும் இப்போது வேண்டாம்.

ஸ்டீராய்டுக்குக் கேட்காவிட்டாலும் பயப்பட வேண்டாம், ஐவிஐஜி, ரிட்டுக்ஸிமாப், எல்ட்ரோம்போபேக் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

கடும் தலைவலி, கறுப்பு மலம், நிற்காத மூக்கு ரத்தம், மாதவிடாயில் அளவுக்கு மீறிய போக்கு, இதில் எது வந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க நேரம் பிடிக்கும். எண்ணிக்கை ஏறும்வரை அக்கா சேலத்திலேயே உங்களோடு தங்க முடிந்தால் நல்லது, அடிக்கடி ரத்தம் பார்க்கவும் அதுதான் சுலபம்.

தோட்டத்துத் தம்பி:
சரிங்க, லீவு சொல்லிவிட்டார், இங்கேயே இருக்கிறார். அம்மாபேட்டை அக்கா எழுதியதை வாசித்துக் காட்டினேன், சாப்பாட்டுக்கு அப்புறம் மாத்திரை போட்டுக்கொண்டார். ஆன்டிபாஸ்போலிபிட் டெஸ்ட் பற்றி நாளைக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.