இரண்டு சங்கிலி இருந்தால் நான்காம் நிலைதானே? நாளை தேர்வு, அவசரம்

கயல்12: புரத அமைப்பு நிலைகளில் ஒரு கேள்வி. நான்காம் நிலை என்று எழுதினேன். விடைக்குறிப்பில் மூன்றாம் நிலை, அதாவது ஒரே சங்கிலி மடிந்த முழு வடிவம், என்று இருக்கிறது. ஒன்றுக்கு மேல் அமினோ அமிலச் சங்கிலி வந்தாலே நான்காம் நிலை என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.

தேன்மொழி: எந்தப் புரதம்மா? பள்ளியா, கல்லூரியா? கேள்வியை அப்படியே போடு.

முத்து_கெமிஸ்ட்ரி: ஹீமோகுளோபினாகத்தான் இருக்கும். அப்படியானால் விடைக்குறிப்பு தப்பு. 141 அமினோ அமிலம் கொண்ட ஆல்ஃபா இரண்டு, 146 கொண்ட பீட்டா இரண்டு, ஆக நான்கு சங்கிலி. தசையில் இருக்கும் மயோகுளோபினுக்கு 153 கொண்ட ஒரே சங்கிலி, அது மூன்றாம் நிலையோடு நின்றுவிடும்.

பேராசான்: புரதத்தின் பெயரே தெரியாமல் பதில் எழுத ஒருவர். சங்கிலியை எண்ணுவது யாருக்கும் வரும். அந்தச் சங்கிலிகள் எப்படி ஒன்றுசேர்ந்தன என்று கேட்கப் பழகுங்கள். அடிப்படைப் பாடத்தை இன்னொரு முறை படித்துவிட்டு வரலாம்.

கயல்12: இன்சுலின். பன்னிரண்டாம் வகுப்பு.

தேன்மொழி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இன்சுலினில் ஏ சங்கிலிக்கு 21 அமினோ அமிலம், பி சங்கிலிக்கு 30. ஆனால் இரண்டும் தனித்தனியாக உருவாகிச் சேர்ந்தவை அல்ல. புரோஇன்சுலின் என்ற ஒரே சங்கிலியாக உருவாகி, மடிந்து, டைசல்ஃபைடு பிணைப்புகள் (இரண்டு கந்தக அணுக்கள் இணைவது) விழுந்த பிறகுதான் நடுவில் உள்ள சி-பெப்டைடு என்ற துண்டு வெட்டப்படுகிறது. ஏ, பி இடையே இரண்டு பிணைப்பு, ஏ-க்குள்ளேயே ஒன்று. அதனால் இதை ஒரே அலகாக எடுத்துக்கொள்வார்கள். கணையத்தில் துத்தநாகத்தோடு ஆறு இன்சுலின் கூடி நிற்கிறதே, அதுதான் நான்காம் நிலை.

முத்து_கெமிஸ்ட்ரி: ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்திலும் கன சங்கிலியும் இலேசான சங்கிலியும் டைசல்ஃபைடால்தான் கட்டுண்டிருக்கின்றன. அதை மட்டும் ஏன் நான்காம் நிலை என்கிறோம்?

தேன்மொழி: அந்தச் சங்கிலிகள் வேறு வேறு மரபணுவிலிருந்து தனித்தனியாக வந்து சேர்கின்றன. இன்சுலினுக்கு மரபணு ஒன்றுதான்.

முத்து_கெமிஸ்ட்ரி: அப்போ தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன்? மூன்று சங்கிலி முறுக்கிய அந்த முச்சுருளை இரண்டாம் நிலையில் போடுகிற புத்தகமும் உண்டு.

பேராசான்: 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்த அமைப்பு அது. ஒவ்வொரு சங்கிலியும் இடப்பக்கம் சுருள்வது இரண்டாம் நிலை. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்கிக்கொள்வது நான்காம் நிலை. இதைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் வாதாட வந்துவிடுகிறீர்கள்.

முத்து_கெமிஸ்ட்ரி: பிரித்துப் பார்த்துத்தான் கேட்கிறேன். மூன்றும் சேராமல் அந்த ஒற்றைச் சுருள் நிலைத்து நிற்காது. நிற்காத ஒன்றைத் தனி நிலை என்று எப்படிச் சொல்வது?

தேன்மொழி: கொலாஜனுக்குத் தனி இழை போடுங்கள். கயல், கேள்வி என்ன என்று இன்னும் நீ போடவில்லை.

கயல்12: “தனித்த இன்சுலின் மூலக்கூறின்” என்று இருக்கிறது, ஆறு கூடியதைக் கேட்கவில்லை. சரி அக்கா, புரிந்தது. நன்றி.