பொடிந்து உதிரும் கல் சிற்பத்துக்கு எத்தில் சிலிக்கேட் பூசலாமா?

மணல்வரி:
நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் நின்ற கல் சிற்பம் ஒன்று எங்கள் பொறுப்பில் இருக்கிறது. விரல் பட்டாலே மணல் மணலாகக் கொட்டுகிறது, அடிப்பகுதியில் வெள்ளையாக உப்பும் பூத்திருக்கிறது. எத்தில் சிலிக்கேட் என்ற திரவத்தைப் பூசினால் கல் இறுகிவிடும் என்கிறார் ஒருவர், பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் போதும் என்கிறார் இன்னொருவர். மூக்கும் உதடும் இன்னும் தெளிவாக இருக்கின்றன, அவை போய்விடக் கூடாது. எதைப் பூசலாம்?

உளிமுனை:
இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். உப்பு உள்ளே இருக்கும்போது மேற்பரப்பை இறுக்கினால், அந்த இறுகிய அடுக்குக்குப் பின்னால் உப்பு படிகமாகும். இன்று மணலாக உதிர்வது நாளை தகடு தகடாகப் பெயரும், அந்த மூக்கையும் சேர்த்து. கல்லில் பூக்கும் உப்புகளில் ஒன்றான சோடியம் சல்பேட் ஈரத்தை உறிஞ்சிப் பத்து நீர் மூலக்கூறுகளோடு படிகமானால் அதன் கன அளவு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும், கல்லின் நுண்துளை எப்படித் தாங்கும்? முதலில் அடியிலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுங்கள். காய்ந்த உப்பை மென்தூரிகையால் எடுத்துவிட்டு, காகிதக் கூழை வாலைவடிநீரில் நனைத்து, உப்பை உறிஞ்சி எடுக்கக் கல்மேல் பத்துப் போடுங்கள். கொட்டுகிற இடத்தில் நேராக அப்பாமல் இடையில் ஜப்பானிய மென்தாள் வையுங்கள். எடுத்த கூழை நீரில் ஊறவைத்து மின்கடத்துதிறனை அளந்தால் எவ்வளவு உப்பு வெளியே வந்தது என்று தெரியும். அந்த எண் இறங்கி நிலைக்கும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், பொறுமை வேண்டிய வேலைதான்.

படிகம்:
சரி, என்ன கல்? தானாக உதிர்ந்த துகளில் (சிற்பத்தின் மேல் அல்ல!) நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கால்சைட், அதாவது சுண்ணாம்புக்கல்லின் கனிமம், இருக்கிறது. எத்தில் சிலிக்கேட் ஈரத்தோடு வினைபுரிந்து சிலிக்கா ஜெல்லாக மாறும், எத்தனால் ஆவியாகிவிடும். அந்த ஜெல் மணற்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் துகளை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கால்சைட்டோடு அப்படிப் பிணையாது. 1861லேயே ஹோஃப்மன் என்ற வேதியியலாளர் எத்தில் சிலிக்கேட்டை லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்துக்குப் பரிந்துரைத்தார், அதுவோ டோலமைட் வகைச் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் என்றால் ஆல்கஹாலில் கலந்த நானோ சுண்ணாம்பை (மிக நுண்ணிய சுண்ணாம்புத் துகள்) பார்க்கலாம், ஏனென்றால் வெறும் சுண்ணாம்புத் தெளிநீர் லிட்டருக்கு 1.7 கிராம் அளவுதான் கொண்டுபோகும். அமோனியம் பாஸ்பேட் கொடுத்து ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட் கனிமத்தை உருவாக்கும் முறையும் உண்டு.

மணல்வரி:
நுரைக்கவே இல்லை, மணற்கல்தான் போல. பாராலாய்டு பற்றி? கரைத்துத் திரும்ப எடுத்துவிடலாம் என்கிறார்களே.

உளிமுனை:
அசிட்டோனில் கரையும், உண்மைதான். ஆனால் பொடிந்த கல்லின் துளைக்குள் போனதை முழுதாக எடுக்க யாராலும் முடியாது. அது ஆழமாகவும் இறங்காது, 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகத் தொடங்குவதால் வெயிலில் தூசியும் ஒட்டும். பெயரும் செதிலைப் பிடித்து நிறுத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படிகம்:
எத்தில் சிலிக்கேட்டைத் திரும்ப எடுக்கவே முடியாது, அதனால் உப்பு இறங்கியபின் பின்புறம் கண்ணில் படாத ஓரத்தில் கொஞ்சம் கொடுத்து, மூன்று நான்கு வாரம் விட்டு, நிறம் கறுத்திருக்கிறதா, நீரை முன்போல உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். விலை மலிவு என்று யாராவது சோடியம் சிலிக்கேட்டை நீட்டினால் வாங்காதீர்கள், அது சோடியம் கார்பனேட்டை விட்டுப்போகும், நீங்கள் பத்துப் போட்டு எடுத்த உப்பு மறுபடி உள்ளே வந்துவிடும்.