கேர் வேலை ட்ரெயினிங்குக்கு அரசாங்கம் குடுக்குற காசு யாருக்குப் போய்ச் சேருது?

லெஸ்டர்_ஹோம்கேர்:
வணக்கம். போன வாரம் இங்க ஒருத்தர் "இங்கிலாந்துல கேர் கம்பெனிக்கு ஆளும் கிடைக்கல, அரசாங்கம் ஒரு உதவியும் பண்ணல"ன்னு எழுதியிருந்தார். ரெண்டாவது பாதி தப்பு. நான் லெஸ்டர்ல 34 பேரை வெச்சு ஹோம்கேர் நடத்துறேன், வீடு வீடா போய் குளிப்பாட்டி சாப்பாடு மாத்திரை குடுக்குற வேலை. லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் சப்போர்ட் ஸ்கீம்னு 2024-ல ஆரம்பிச்சது இருக்கு, முதல்ல நம்ம கைக்காசப் போட்டு ஆளுங்கள கோர்ஸ் படிக்க வெச்சிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணி வாங்கிக்கலாம், ஆனா ஸ்கில்ஸ் ஃபார் கேர்னு கேர் துறை ஆளுங்க பயிற்சிய பார்க்குற அமைப்போட டேட்டா செட்ல உங்க ஸ்டாஃப் விவரத்த அப்டேட்டா வெச்சிருக்கணும், அது இல்லாம க்ளெய்ம் போட முடியாது. நிறைய சின்ன கம்பெனிங்க இந்த ஒரு ஃபார்ம நிரப்பாமயே காச விட்டுடறாங்க. 2025 ஜூலை 22-ல இருந்து வெளிநாட்டுல இருந்து புதுசா கேரர் எடுக்குற விசா வழியும் மூடியாச்சு. இனிமே இங்க இருக்கறவங்கள பழக்கி எடுத்தாதான் நம்ம பெரியவங்கள யாராவது பார்த்துப்பாங்க.

நைட்ஷிப்ட்_அக்கா:
அண்ணை, நான் ஹரோவில 14 வருசமா கேர்ஹோமில நைட் செய்யிறன். காசு வருது எண்டுறது சரி, அது என்ன மாதிரியான ரெயினிங்குக்குப் போகுது எண்டதைத்தான் நான் கேக்கிறன். போன மாசம் புதுசா ஒரு பிள்ளை வந்தவ, லப்டொப்பில வீடியோ பாத்து கேள்விக்குப் பதில் அமத்தி ஹொயிஸ்ட் (ஆளைத் தூக்கி மாத்துற மெசின்) ரெயினிங் பாஸ் எண்டு பேப்பரோட வந்து நிக்கிறா. ஒரு அம்மாவைக் கட்டிலில இருந்து கதிரைக்கு மாத்தோணும். ஸ்லிங்கில, அதுதான் ஆளைத் தாங்கிற துணியில, தோள் பக்கம் ரெண்டு லூப்பும் ஒரே கலரில கொழுவோணும், கால் பக்கமும் அப்பிடித்தான். பிள்ளை தோளில இடப்பக்கம் பச்சையும் வலப்பக்கம் நீலமும் கொழுவிப்போட்டு பட்டனை அமத்தத் தொடங்கீட்டா. அம்மா ஒரு பக்கமாச் சரிய நான் ஓடிப்போய்ப் பிடிச்சன். அந்த அம்மா என்ர கையைப் பிடிச்ச பிடி இப்பவும் எனக்கு நினைவிருக்கு. பிள்ளையில பிழை சொல்ல மாட்டன், அவவுக்கு ஒருத்தரும் கையால தொட்டுக் காட்டித் தரேல்ல.

லெஸ்டர்_ஹோம்கேர்:
அக்கா நீங்க சொல்றது நூத்துக்கு நூறு உண்மை, ஹொயிஸ்ட்ட வீடியோல கத்துக்க முடியாது. ஆனா ஒரு முதலாளியோட கஷ்டத்தையும் கேளுங்க. ஸ்கீம்ல வர்ற காசு கோர்ஸ் கட்டணத்துக்கு மட்டும்தான், பொண்ணு கிளாஸ்ல உட்கார்ற எட்டு மணி நேரத்துக்கு சம்பளம் நான் குடுக்கணும், அவ போற வீட்டுக்கு வேற ஆள அனுப்பி அதுக்கும் சம்பளம் நானே குடுக்கணும். 2025 ஏப்ரல்ல ஸ்டாஃப் சம்பளத்துக்கு மேல முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுற நேஷனல் இன்சூரன்ஸ் 13.8 சதவீதத்துல இருந்து 15 ஆச்சு, அதுவும் முன்ன ஒருத்தர் வருஷத்துக்கு 9,100 பவுண்டுக்கு மேல சம்பாதிச்சாதான் கட்டணும், இப்ப 5,000 தாண்டினாலே கட்டணும். கவுன்சில் (உள்ளாட்சி) நமக்குக் குடுக்குற ரேட் அந்த அளவுக்கு ஏறல. அதனாலதான் ஆன்லைன் கோர்ஸ் பக்கம் போறாங்க.

கும்பகோணம்_டு_கென்ட்:
நான் இதுல நேரடியா அடிபட்டவன், அதான் எழுதறேன். பிஎஸ்சி நர்சிங் முடிச்சு 2023-ல கேரர் விசால வந்தேன், ஊர்ல ஏஜென்ட்டுக்கு 12 லட்சம், அம்மா நகை அடகுல. வந்த கம்பெனிக்கு வெளிநாட்டு ஆள ஸ்பான்சர் பண்ற லைசென்ஸ் போச்சு, 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் தேடணும். இந்த மாதிரி வேலை போனவங்களுக்குன்னு ஒவ்வொரு ஏரியாவுலயும் கவுன்சிலுங்க சேர்ந்து உதவி பண்ணுது, அதுக்கு அரசாங்கம் காசு குடுத்திருக்கு, அவங்க மூலமாதான் எனக்கு இன்டர்வியூ கிடைச்சது, அதுக்கு நான் நன்றியோட இருக்கேன். ஆனா கேளுங்க, முதல் கம்பெனில கேர் சர்டிஃபிகேட், அதான் புது கேரருக்கான அடிப்படைப் பயிற்சி, 15 ஸ்டாண்டர்டும் முடிச்சேன். ரெண்டாவது கம்பெனி அது செல்லாதுன்னு திரும்ப முதல்ல இருந்து செய்யச் சொன்னாங்க. இப்ப மூணாவது கம்பெனி, அதே கை கழுவுற வீடியோ, அதே தீயணைப்பு கேள்வி. மூணு தடவையும் வீட்டுல உட்கார்ந்து என் நேரத்துலதான் செஞ்சேன். இந்த ட்ரெயினிங் என்னுதா கம்பெனியோடதா?

லெஸ்டர்_ஹோம்கேர்:
தம்பி, படிக்கவே கஷ்டமா இருக்கு. ஏன் திரும்ப செய்யச் சொல்றோம்னா, கேர் சர்டிஃபிகேட் 2015-ல வந்தப்போ அதை முதலாளியே பார்த்து முதலாளியே கையெழுத்துப் போடற மாதிரிதான் வெச்சாங்க. சில இடத்துல ஒரே நாள்ல 15-க்கும் டிக் போட்டு அனுப்பிருக்காங்க, நானே அப்படி ரெண்டு பேப்பர் பார்த்திருக்கேன். நாளைக்கு கேர் கம்பெனிகள சோதிக்கிற சிகியூசி இன்ஸ்பெக்டர் வந்து என்னைக் கேட்டா நான் எதை நம்பி பதில் சொல்றது?

கிளாஸ்கோ_தமிழன்:
இது இங்கிலாந்துக்கு மட்டும் உள்ள சிக்கல். ஸ்காட்லாந்துல கேரர் ஒவ்வொருத்தரும் எஸ்எஸ்எஸ்சினு சமூக சேவை ஊழியர்களைப் பதிவு பண்ற அமைப்புல தன் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணணும், குறிச்ச காலத்துக்குள்ள தகுதிப் படிப்பும் முடிக்கணும், கம்பெனி மாறினாலும் அது உங்க பேர்லதான் இருக்கும். வேல்ஸ்லயும் ரெஜிஸ்டர் இருக்கு. நர்ஸுக்கு ரெஜிஸ்டர் வெச்ச இங்கிலாந்து கேரருக்கு மட்டும் ஏன் வெக்கல?

நைட்ஷிப்ட்_அக்கா:
ரெஜிஸ்டர் வந்தா நல்லம்தான், ஆனா அதுக்கும் நாங்கள் தானே காசு கட்டோணும். சம்பளத்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல பாருங்கோ. 2025-26 குறைஞ்ச சம்பளம் 12.21 பவுண்ட். 14 வருசம் செய்த எனக்கும் நேற்று வந்த பிள்ளைக்கும் மணித்தியாலத்துக்கு 15 பென்ஸ் தான் வித்தியாசம். நான் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில நிண்டு பழக்கிறதுக்கு ஒரு சதமும் கூடத் தரேல்ல. 2028-ல கேர் வேலைக்கெண்டு சம்பள ஒப்பந்தம் வருமாம், அரசாங்கம் 500 மில்லியன் பவுண்ட் ஒதுக்கியிருக்காம். அதுவரைக்கும் என்ர நாரி தாங்குமோ தெரியாது. ஆக்களை எடுக்கிறது பெரிய விசயமில்லை அண்ணை, ஆறு மாசத்தில சூப்பர்மார்க்கெட்டுக்கு ஓடாமல் வைச்சிருக்கிறதுதான் விசயம்.

லெஸ்டர்_ஹோம்கேர்:
ஒத்துக்கறேன். பழக்கி விடறவங்களுக்கு தனி ரேட் குடுக்கணும், நான் இதுவரைக்கும் குடுத்ததில்ல, அது என் தப்பு.
தம்பிக்கு ஒரு விஷயம்: இப்ப லெவல் 2 அடல்ட் சோஷியல் கேர் சர்டிஃபிகேட்னு முறையான தகுதிப் படிப்பு ஒண்ணு வந்திருக்கு. 2024-ல அறிவிச்சப்போ ஒரு ஆளுக்கு 1,540 பவுண்ட் வரைக்கும் க்ளெய்ம்னு சொன்னாங்க. கம்பெனில டிக் போடறது இல்ல, வெளிய இருந்து அவார்டிங் பாடி, அதான் தகுதிச் சான்று வழங்குற அமைப்பு, குடுக்கறது. அது உங்க பேர்ல இருக்கும், அடுத்த கம்பெனி திரும்ப எழுதச் சொல்லக்கூடாதுன்னுதான் அதைக் கொண்டு வந்ததே. உங்க மேனேஜர்கிட்ட பேரச் சொல்லிக் கேளுங்க.

கும்பகோணம்_டு_கென்ட்:
கேட்டேன் அண்ணா, போன மாசமே. "படிச்சுட்டு நீ வேற இடத்துக்குப் போயிடுவ"ன்னு சொல்லிட்டாங்க.

நைட்ஷிப்ட்_அக்கா:
பாத்தியளே.
லெஸ்டர் அண்ணை, உங்களிட்ட நேராக் கேக்கிறன். புது ஆளுக்கு ஹொயிஸ்டைத் தொட விடுறதுக்கு முதல் எத்தினை சிப்ட் அனுபவமுள்ள ஆளோட விடுறியள்? சம்பளத்தோடயோ?

லெஸ்டர்_ஹோம்கேர்:
இப்ப ஒரு நாள்தான் அக்கா, சம்பளத்தோட. மூணு நாள் ஆக்கணும்னு நினைக்கறேன். ரோட்டால (ஷிப்ட் பட்டியல்ல) எங்க இடம் கிடைக்குதுன்னு இன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து பார்க்கறேன். கென்ட் தம்பி, உங்க விசா பேப்பர் என்ன நிலைமைல இருக்குன்னு எனக்கு தனி மெசேஜ்ல அனுப்புங்க.